தன் துணியைத் தானே துவைத்தவன்

மாரீஸ்வரனைப் பற்றி அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான்: தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிற ஆம்பளை.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற சாலையிலிருந்து பிரிந்து, சீமைக்கருவேலங்காட்டுக்குள் போனால் டவுன் பஸ் திரும்பி நிற்கிற ஊர் அது. அங்கே ஆண்கள் குளித்துவிட்டு ஈரக் கைலியைக் காலடியில் நழுவவிட்டுப் போனால், அதைக் குனிந்து எடுப்பது பெண்களின் வேலை. மாரீஸ்வரன் அப்படியில்லை. கருக்கலிலேயே எழுந்து, கைலியையும் விரிப்பையும் சுருட்டிக்கொண்டு காட்டுப் பம்புசெட்டுக்குப் போய்விடுவான். சோப்புப் போட்டுக் கசக்கி, அலசி, முள்வேலியில் கவனமாக விரித்துவிட்டுத்தான் டிராக்டரைக் கிளப்புவான்.

"கட்டுனா இப்படி ஒருத்தனைக் கட்டணும்" என்று தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் வேலியில் ஆடும் கைலியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அவன் மனைவி நாகஜோதியும் புது மணப்பெண்ணாக இருந்தபோது அதைக் கேட்டு உள்ளுக்குள் பூரித்தவள்தான். பாவி மகளுக்கு அப்போது என்ன தெரியும்? அந்தக் கைலியில் என்ன இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள், அவள் அந்த வீட்டில் இருந்தவரை வாயைத் திறக்கவில்லையே.

அது அவள் வருவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிய கதை.

ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் முதல் அக்கினிச்சட்டி எடுக்கிற உரிமை மாரீஸ்வரன் வீட்டுக்கு உரியது. அவன் அப்பா சங்கையாதான் வருஷம் தவறாமல் எடுப்பார். அந்த வருஷம் அவர் காலில் முள் தைத்துப் புரையோடிவிட்டது. அருப்புக்கோட்டையில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்திருந்த மகனின் வலது மணிக்கட்டில், பூசாரி சோலை மஞ்சள் துணியில் காப்புக் கட்டினார்.

காப்புக் கட்டியவன் கவிச்சி தொடக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. பாய் தலையணை கிடையாது. கோயில் மணலில்தான் படுக்க வேண்டும். மனசால்கூடப் பெண்ணை நினைக்கக் கூடாது. இருபது வயது மாரீஸ்வரன் அத்தனையையும் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தான். அப்பாவைவிட ஒரு படி சுத்தமாக இருந்துகாட்ட வேண்டும் என்று அவனுக்குள் ஒரு வைராக்கியம்.

ஒரு விடியற்காலையில் அவன் கோயில் மணலில் கண் விழித்தபோது வேட்டி நனைந்திருந்தது.

அது அவனுக்குப் புதிதல்ல. மீசை அரும்பிய காலத்திலிருந்தே அவ்வப்போது தூக்கத்தில் வருவதுதான். ஹாஸ்டலில் பையன்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அது என்ன, ஏன் வருகிறது என்று அவனிடம் ஒருவரும் சொன்னதில்லை. அப்பா சொல்கிற பேச்சா அது? பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வந்த அன்று, வீட்டில் போய்ப் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வாத்தியார் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். வீட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துப் படிக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

இப்போது காப்புக் கட்டிய கையோடு அது நடந்திருக்கிறது. அவன் மணிக்கட்டைப் பார்த்தான். மஞ்சள் துணி அவனையே பார்ப்பது போலிருந்தது. சோலையிடம் சொன்னால் வழி உண்டு. தலைக்கு ஊற்றி, காப்பை அவிழ்த்து, சித்தப்பா மகன் கையில் கட்டிவிடுவார். ஆனால் ஏன் அவிழ்த்தாய் என்று ஊர் கேட்குமே. அவன் எழுந்து கண்மாய்க்குப் போனான். பங்குனி வெயிலில் வற்றி ஓரமாகக் கிடந்த தண்ணீரில் முங்கி, வேட்டியைக் கசக்கிப் பிழிந்து, ஈரத்தோடு கட்டிக்கொண்டு வந்தான்.

அதுதான் முதல் சலவை.

பொங்கலன்று வேப்பிலைக் கொத்தின் மேல் சட்டியை ஏந்திக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தான். கொட்டு முழங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். கோயில் வாசலை மிதிக்கப் போகிற நேரத்தில் சட்டி அவன் கையிலேயே இரண்டாகப் பிளந்தது. கங்கு சிதறியது. இடது உள்ளங்கையில் தோல் உரிந்து தொங்கியது. கொட்டு நின்றுவிட்டது. அந்த அமைதியில் சோலையின் குரல் மட்டும் கேட்டது:

"காப்புக்குள்ள எவனோ தீட்டுப்பட்டிருக்கான். மனுசனுக்கு மறைக்கலாம். ஆத்தாளுக்கு மறைக்க முடியுமாலே?"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாரீஸ்வரன் வெந்த கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான்.

பாளையம்பட்டிப் பக்கத்திலிருந்து சட்டி செய்து கொடுத்தவர் விஷயம் கேள்விப்பட்டு மறுநாள் ஓடி வந்தார். சூளைக்கு விறகு போதவில்லை, இந்தச் சுற்று மண் சரியாக வேகவில்லை, வேறு ஊர்களிலும் சட்டி விரிசல் விட்டிருக்கிறது, என் மேல்தான் தப்பு என்று கையெடுத்துக் கும்பிட்டார். சோலை அவரைக் கடிந்து அனுப்பிவிட்டார். பக்கத்திலேயே நின்று இரண்டு பேர் பேச்சையும் மாரீஸ்வரன் கேட்டான். வேகாத மண்ணைப் பற்றி அவர் சொன்னது காதோடு போயிற்று. தீட்டைப் பற்றி இவர் சொன்னது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த ஐப்பசியில் மழை ஏமாற்றியது. பருத்தி பூவோடு கருகியது. கார்த்திகையில் சங்கையா வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஊர் விதி என்றது. மகன் மட்டும், எல்லாம் என்னால்தான் என்று அப்பாவின் சிதைக்கு முன்னால் நின்று மனசுக்குள் குமுறினான். அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் யாராவது ஒருவர், போடா பைத்தியக்காரா என்று முதுகில் அடித்திருப்பார்கள். சொல்லவில்லை.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டின் கட்டணக் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ்தான் அவனுக்கு வழி காட்டியது. கை நடுக்கமா, கண் குழிந்துவிட்டதா, தூக்கத்தில் சக்தி வீணாகிறதா, இல்லறத்துக்கு அஞ்சுகிறீர்களா என்று வரிசையாகக் கேட்டிருந்தது. எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்று அவன் மனசு பதில் சொன்னது. மதுரையில் ஒரு லாட்ஜின் பெயரும், வைத்தியர் வந்து தங்குகிற கிழமையும் கீழே இருந்தன.

பட்டுச் சட்டையும் விரல் நிறைய மோதிரமுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார் வைத்தியர். நாடி பிடித்தார். கண்ணை மூடினார். பிறகு, பிள்ளையைப் பறிகொடுத்தவர்போல உச்சுக்கொட்டினார்.

"ரத்தம் நூறு சொட்டு சேந்தாத்தான் தம்பி இது ஒரு சொட்டு ஆகும். நீ எம்புட்டு ரத்தத்தப் பாயில ஊத்தியிருக்கன்னு நெனச்சுப் பாரு. வித்து நீத்துப்போச்சு. இந்த நெலமையில கல்யாணம் பண்ணிப் பிள்ளையப் பெத்த, அது கை கால் வெளங்காமத்தான் பெறக்கும்."

தண்ணீரில் போட்ட பருத்தி விதையில் மிதப்பதை அப்பா தனியே அள்ளி எறிவதைப் பார்த்து வளர்ந்தவன் மாரீஸ்வரன். பொக்கு விதை என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வைத்தியர் கொடுத்த கறுப்பு லேகிய டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். சிந்தாமல் சேர்த்து வைக்கச் சொன்னார் வைத்தியர். சேர்ந்து விட்டதா என்று கேட்டு அவன் போகும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று இன்னொரு டப்பாவைக் கொடுத்தார். டிராக்டரின் டூல்ஸ் பெட்டிக்குள் ஸ்பேனர்களுக்கு நடுவே அந்த டப்பாக்கள் குடியேறின.

அம்மா பெத்தம்மாள் விடாப்பிடியாக நரிக்குடிப் பக்கம் பெண் பார்த்தாள். வந்தவள் நாகஜோதி. நல்ல நிறம், நல்ல உழைப்பு, அதைவிட நல்ல சிரிப்பு. ஆடு மேய்க்கிற இடத்தில் அவள் சிரித்தால் அடுத்த காட்டில் கேட்கும். மாரீஸ்வரனுக்கு அவளைப் பிடித்திருந்தது. அதுதானே கொடுமை! பிடித்திருந்ததால்தான் அவள் வயிற்றில் ஒரு விளங்காத பிள்ளையைக் கொடுத்துவிடக் கூடாது என்று பயந்தான்.

ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது, அது முடிகிறவரை விலகி இருக்க வேண்டும் என்று முதலில் சொன்னான். சாமி காரியம்தானே என்று அவளும் தலையாட்டினாள். அது முடிந்ததும் இருக்கன்குடிக்கு ஒன்று. பிறகு திருச்செந்தூருக்கு. பிறகு சபரிமலை. ஒரு மாலையைக் கழற்றி அடுத்த மாலையைப் போட்டுக்கொண்டே இருந்தான்.

"உங்களுக்குப் பொண்டாட்டி பாத்ததுக்குப் பதிலா ஒரு உண்டியல வாங்கி வச்சிருக்கலாம்" என்று ஒருநாள் சோறு போட்டபடி சொன்னாள் நாகஜோதி. அவனும் சிரித்தான். சிரித்துவிட்டுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு களத்துமேட்டுக்குப் படுக்கப் போய்விட்டான்.

நெருங்கிய நாட்கள் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நாட்களிலும் பயம் அவனுக்கு முன்னால் எழுந்து வெளியே போய்விடும். அவன் அதன் பின்னாலேயே போவான். இவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பாள். அவன் எவ்வளவுக்கு எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தானோ, அவ்வளவுக்கு அவ்வளவு தூக்கத்தில் அது வந்தது. வந்தால் லேகியம் கூடும். பம்புசெட்டுப் பயணம் கூடும். வேலியில் கைலி அடிக்கடி காயும். ஊரும் அடிக்கடி மெச்சும்.

வருஷங்கள் போயின. மெச்சிய வாய்களே நாகஜோதியின் வயிற்றைப் பார்க்க ஆரம்பித்தன. மாரீஸ்வரனின் தங்கை முருகலட்சுமிக்கு வளைகாப்பு நடந்தபோது, அடுப்படியில் பாயசத்தைப் பார்த்துக்கொள் என்று மருமகளை உள்ளேயே நிறுத்திவிட்டாள் பெத்தம்மாள். வெளியே வளையல் குலுங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் பாயசத்தைக் கிண்டினாள். அதையும் பொறுத்துக்கொண்டாள்.

பொறுக்க முடியாமல் போனது அடுத்த பங்குனியில். முளைப்பாரி போடுகிற வீட்டுக்கு, நனைத்த பாசிப்பயறோடு மற்றப் பெண்களைப் போல அவளும் போனாள். அண்டை வீட்டுப் பிச்சையம்மாள் அவள் கையிலிருந்த ஓலைப்பெட்டியை மெதுவாக வாங்கிக்கொண்டு, "நீ தள்ளி நில்லு தாயி. தொட்டா முளை கருகிரும்" என்றாள். கோபமே இல்லாமல், வெயிலில் நிற்காதே என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

நாகஜோதி நேராக வீட்டுக்கு வந்தாள். மாரீஸ்வரன் டிராக்டர் கலப்பையில் மண் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"நான் தொட்டா முளை கருகிருமாம். நீங்க என்ன சொல்றீக?"

கலப்பையைச் சுரண்டுகிற சத்தம் கூடியது.

"பிள்ளை பெறக்கிற மாதிரி நீங்க எங்கூட இருந்த நாளை நான் எந்த வெரல்ல எண்ணுறது? அதச் சொல்லுங்க."

"மெல்லப் பேசு. அம்மாவுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்னுதான் பேசுறேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். டூல்ஸ் பெட்டி கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. திறந்து காட்டியிருந்தால் போதும். அவன் எழுந்து, திருச்சுழியில் ஒரு லோடு ஏற்ற வேண்டும் என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அவள் அண்ணன் பாண்டீஸ்வரன் வந்து தங்கையை அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினான். இவளிடம் ஒரு குறையும் இல்லை, புருஷனைக் கூட்டி வாருங்கள் என்று சொல்லிவிட்டார். மாரீஸ்வரன் போகவில்லை. அவள் அழுதாள், கெஞ்சினாள், வேறு எவளும் உண்டா என்றுகூடக் கேட்டாள். அதற்கும் அவன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு களத்துமேட்டுக்குப் போய்விட்டான். கடைசியில் விஷயம் கோயில் முன்னால் கூட்டத்துக்கு வந்துவிட்டது.

ஆண்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். நாகஜோதி அண்ணன் பின்னால் நின்றாள். டாக்டரம்மா சொன்னதை அண்ணன் சொல்லி முடித்ததும், சோலை தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"மாரி, ஆத்தா முன்னால கேக்கேன். ஒம் பக்கம் எதுவும் குறை உண்டாப்பா?"

சட்டி பிளந்த அதே வாசல். உள்ளங்கைத் தழும்பை அவன் இறுக மூடிக்கொண்டான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல."

நாகஜோதி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் செத்தாலும் மறக்க மாட்டான். இத்தனை ஆண்கள் நடுவில், இவர் என்னைத் தொடுவதே இல்லை என்று ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? சொன்னால் அதற்கும் அவளுக்குத்தானே ஒரு பெயர் வைப்பார்கள். அண்ணன் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

"சாமி முன்னால சொல்றாக. சொல்லட்டும்" என்றாள் அவள்.

அவ்வளவுதான். கூட்டம் அன்றே இருவரையும் தீர்த்துவிட்டது. அவள் சீர்ப்பாத்திரங்களோடு லோடு ஆட்டோவில் ஏறி நரிக்குடிக்குப் போனாள். மலடி என்ற பேர் அவளுக்கு முன்னாலேயே போய் அங்கே காத்திருந்தது. இங்கே ஊர்ப் பெண்கள், தன் கைலியைக்கூடத் தானே துவைத்துக்கொண்ட தங்கமான மனுஷனுக்கு இப்படி ஒருத்தி வாய்த்தாளே என்று பரிதாபப்பட்டார்கள்.

போன வருஷம் மாரீஸ்வரனுக்குக் கால் வீங்கியது. முகம் ஊதியது. மினி பஸ் ஓட்டுகிற சிநேகிதன் அசோக், மாப்பிள்ளை மாதிரி மினுமினுக்கிறாயே, ரகசியமாகக் கல்யாணம் எதுவும் உண்டாலே என்று கேலி செய்தவன், காலை அழுத்திப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு அருப்புக்கோட்டை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

டாக்டர் பெயர் தேவிபிரியா. அந்த ஊர் நெசவாளர் வீட்டுப் பெண். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மாரீஸ்வரன் மடியிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தான். எதற்காக என்று கேட்டார். அசோக்கை வெளியே போகச் சொன்னான். மேஜையின் விளிம்பைப் பார்த்தபடி, ஒரு பெண்ணிடம், வாழ்நாளில் முதல்முறையாக அதைச் சொன்னான். பல் வலி என்று சொன்னதைக் கேட்பதுபோல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் சுளிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

"இது வியாதியே இல்லைங்க" என்றார்.

மாரீஸ்வரன் நிமிர்ந்து பார்த்தான்.

"வயசுக்கு வந்த ஆம்பளை உடம்பு அதை உண்டாக்கிக்கிட்டே இருக்கும். அதுல கொஞ்சம் தூக்கத்துல தானா வெளிய வரும். சிலருக்கு அடிக்கடி வரும், சிலருக்கு எப்பவாவது. வராமலே இருக்கிறவங்களும் உண்டு. எல்லாமே சரிதான்."

ரத்தம் நூறு சொட்டு என்று அவன் இழுத்தான். ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, வேர்வையும் எச்சிலும் ஊறுகிற மாதிரி அதுவும் ஊறுவதுதான், போனால் உடம்பு பலவீனமாகாது என்றார். பிள்ளை விளங்காமல் பிறக்குமா என்று கேட்டான். இதனால் அப்படி ஒருநாளும் பிறக்காது என்றார். மனைவியோடு இயல்பாக இருக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இது குறைந்துவிடும், நீங்கள் விலகி விலகிப் போனதால்தான் கூடியிருக்கும் என்றார். வலித்தாலோ, எரிந்தாலோ, ரத்தம் கலந்து வந்தாலோதான் டாக்டரைப் பார்க்க வேண்டும். பயத்தால் மனைவியை நெருங்க முடியாமல் போனாலும் டாக்டரிடம் வரலாம், அதற்கும் வைத்தியம் இருக்கிறது. இதை யாரிடமும் கேட்கவே இல்லையா என்று அவர் கேட்டார்.

அவன் இல்லை என்று தலையாட்டினான். பிறகு, மணிக்கட்டைத் தடவியபடி, "காப்புக் கட்டியிருக்கையில வந்தா?" என்றான்.

அவர் வீட்டிலும் விரதமும் காப்பும் உண்டு. அதனால் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"உடம்புக்குக் காப்புத் தெரியாதுங்க. தூங்கறவன் கையில இல்லாத ஒண்ணுக்கு ஆத்தா தண்டனை குடுப்பாளா?"

கெட்டுப்போனது வேறொன்று என்று பிறகு மெதுவாகச் சொன்னார். சிறுநீரகம் சோர்ந்திருக்கிறது. அதற்கு அந்த டப்பாவில் கலந்திருப்பதுதான் காரணமாக இருக்கும், இன்றோடு நிறுத்துங்கள், மாத்திரையில் சமாளிக்கலாம் என்றார்.

வெளியே வந்தவனுக்கு நிம்மதி வரவில்லை. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அதே நோட்டீஸ் புதுக் காகிதத்தில் ஒட்டியிருந்தது. இல்லாத ஒரு வியாதிக்காக இருக்கிற ஒரு வாழ்க்கையைக் கொளுத்திவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது. பிச்சையம்மாள் ஓலைப்பெட்டியை வாங்கிக்கொண்டபோது வெறுமையாக நீண்டிருந்திருக்குமே ஒரு கை, அதுதான் கண்ணுக்குள் நின்றது. அசோக்கிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நரிக்குடி பஸ்ஸில் ஏறினான்.

நாகஜோதி கண்மாய்க்கரையில் அண்ணன் வீட்டு ஆடுகளுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அவனைக் கண்டதும் தொரட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். கோயில் மணல், சட்டி, லாட்ஜ், லேகியம், டாக்டர் சொன்னது, ஒன்றைக்கூட மறைக்கவில்லை. 

"வியாதியே இல்லியா?"

"இல்லியாம்."

"அப்ப எனக்கு வந்தது எந்த வியாதி?"

அவன் விளங்காமல் அவளைப் பார்த்தான்.

"போன ஆடியில என் கர்ப்பப்பைய எடுத்துட்டாக. கட்டி இருந்துச்சு. மாத்திரை குடுத்துப் பாக்கலாம்னுதான் டாக்டர் சொன்னாக. எங்க மதினி, பிள்ளை பெறாதவளுக்கு அது எதுக்குன்னு கேட்டா. நானும் எதுக்குன்னுதான் நெனச்சேன். எடுத்துருங்கன்னுட்டேன்."

மாரீஸ்வரன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் அழவில்லை. ஒரு ஆடு அவள் சேலையை இழுத்தது. அதை விலக்கிவிட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்தக் கைலிய நானே துவைச்சுப் போட்டிருப்பேன்" என்றாள். "இப்ப எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? எங்க வச்சுப் பொய் சொன்னீகளோ, அங்க போய்ச் சொல்லுங்க."

அடுத்து வந்த பங்குனியில் காப்புக் கட்டுகிற அன்று மாலை, ஊர் ஆண்கள் எல்லாம் கோயில் முன்னால் கூடியிருந்தார்கள். பெண்கள் ஓரமாக நின்றார்கள். சோலை மஞ்சள் துணியைத் தட்டில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது மாரீஸ்வரன் எழுந்து வாசலில் போய் நின்றான்.

எந்த இடத்தில் நின்று எனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னேனோ அதே இடத்தில் நின்று சொல்கிறேன் என்று ஆரம்பித்தான்.   காப்புக்குள் தனக்குத் தூக்கத்தில் நடந்ததையும், அது வியாதியோ தீட்டோ அல்ல, ஆம்பளைக்கெல்லாம் நடப்பதுதான் என்று டாக்டர் சொன்னதையும், அதற்குப் பயந்து மனைவியை விட்டு விலகியே கிடந்ததையும் சொன்னான்.

"நாகஜோதி மலடி இல்ல. நாந்தான் அவகூட வாழல. ஆத்தா முன்னால பொய் சொன்னேன்."

இளவட்டங்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்து, அடுத்தவன் முழங்கை பட்டு நிறுத்திக்கொண்டான். தூக்கத்தில் தனக்கும் வருவதுண்டு என்று தெரிந்த எத்தனையோ ஆண்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தரையைப் பார்த்தார்கள். பெத்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சோலை அருகே வந்து அவன் தோளில் கை போட்டு, "ஒடம்புக்கு முடியாதவன். உக்காருப்பா" என்றார். அசோக் வந்து கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனான். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்தவன் மணிக்கட்டில் காப்புக் கட்டினார்கள். கொட்டு முழங்கியது.

விடிந்ததும் பழக்கம் விடாமல் கைலியை எடுத்துக்கொண்டு பம்புசெட்டுக்குப் போனான். துவைக்க வேண்டிய கறை எதுவும் அதில் இல்லை. ஆனாலும் சோப்புப் போட்டான். தொட்டிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பிடிக்க வந்த பெண்களின் பேச்சு கேட்டது. பிச்சையம்மாள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவள மலடின்னு பேசுறது பொறுக்காம, அத்தன ஆம்பளைக முன்னால பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டான் பாரு. தீத்துவிட்ட பொண்டாட்டிக்கு எவன் இப்படிச் செய்வான்? கட்டுனா இப்படி ஒருத்தனைக் கட்டணும். அந்த மலடிக்குத்தான் குடுத்து வைக்கல."

மாரீஸ்வரன் சோப்பு நுரையோடு எழுந்து அந்தப் பக்கம் போனான்.

"நான் சொன்னது நெசம் சின்னம்மா. அவ மேல குறையில்ல. சத்தியமா நெசம்."

பிச்சையம்மாளின் கண் கலங்கிவிட்டது.

"தெரியும்ப்பா. நீ அப்படித்தான் சொல்லுவ" என்றாள். "கொண்டா, இன்னிக்காவது நான் அலசிப் போடுறேன்."

அவள் கைலியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். அவன் மறு முனையை விடவில்லை. நடுவில் துணி முறுக்கிக்கொண்டது. அதிலிருந்து வழிந்த தண்ணீரை அந்தக் காய்ந்த மண் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தது.